பேசினா வெடிச்சுரும்

பேசாதீங்க மோளே, பேசினா வெடிச்சுரும். முல்தானி மெட்டியில பப்பாளிப்பழம் அடிச்சுச் சேத்திருக்கேன். காயுற நேரத்துல வாயத் தொறந்தா ஒதட்டோரமா கீறு விழும், அந்த எடம் மட்டும் பூனை மீச மாதிரி தனியாத் தெரியும். அப்புறம் ஊருக்குப் போயி, மட்டாஞ்சேரியில ஒருத்தி என் மூஞ்சியக் கெடுத்துட்டான்னு சொல்லுவீங்க. கண்ணு மேல வச்ச வெள்ளரிக்காயையும் எடுக்காதீங்க. ஏதாவது வேணும்னா கையத் தூக்குங்க, நான் பாத்துக்கிடுதேன். ஃபேன் கூட்டணுமா? மதியா, போதுமா? செரி, கைய எறக்கிக்கோங்க.

வெளிய செவுத்துல ஒட்டியிருக்க போஸ்டரப் பத்திதான கேட்டீங்க. மலையாளத்துல பகிஷ்கரிக்குகன்னு போட்டிருக்கு. புறக்கணிங்கன்னு அர்த்தம். எதுத்தாப்புல புதுசா ஒரு பெரிய சலூன் வந்திருக்குலா, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ள மூணார் மாதிரி குளுகுளுன்னு வச்சு, அதத்தான் புறக்கணிக்கச் சொல்லுதோம். ஒட்டினது நாங்கதான். பச காய்ச்சினது நானு. இந்தா, வாக்ஸ் உருக்குற சட்டி இருக்கே, இதுலதான் காய்ச்சினேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாளு வாக்ஸிங்குக்கு வந்தவங்க காலெல்லாம் மைதா வாசம்.

சிரிக்காதீங்கன்னு சொன்னேம்லா. வயித்தக் குலுக்கினாலும் மூஞ்சி ஆடும்.

நாங்கன்னா சமிதி. கட சம்ரக்ஷண சமிதி. கடைகளப் பாதுகாக்குற சங்கம்னு வச்சுக்கோங்க. பேரு பெருசு, ஆளு நாலுதான். ஆனா ரப்பர் சீலு இருக்கு. மூலையில ஆம்பளைங்களுக்கு முடி வெட்டுற ராஜப்பன் சேட்டன்தான் தலைவரு. அவருக்கு அடுத்தது சேவியரு, தையக்கட. அந்தப் பக்கம் வெங்கிட்டு, வளையலு பொட்டு பூச சாமானு எல்லாம் விப்பாரு, தலைக்கு அடிக்கிற டையும் விப்பாரு. அப்புறம் நானு, வசந்தி. செயலாளரு. செயலாளருன்னா ஒண்ணுமில்ல, கூட்டம் நடந்தா சாயா வாங்கிட்டு வரணும்.

இந்தத் தெருவுல யாரு புதுசா கட போட்டாலும் எதுக்கறது ஒரு பழக்கம் மோளே. கெட்ட மனசெல்லாம் கெடையாது. ராஜப்பன் சேட்டனே ஆலுவாக்காரருதான். அவரு இங்கன கட தொறந்தப்ப முன்னாலயே இருந்த பார்பரு, வெட்டுக்கு வந்தா ஷேவிங் சும்மான்னு போர்டு வச்சாராம். அதப் பாத்துட்டு ராஜப்பன் சேட்டனே போயி அங்கன ஷேவிங் பண்ணிட்டு வந்திருக்காரு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு அடுத்து வந்தவன எதுத்தாங்க. அப்படித்தான் இங்கன ஒறவு வளரும்.

என்னை மட்டும் விட்டாங்களா. நான் சங்கரன்கோயில்ல இருந்து கல்யாணம் ஆகி வந்தவ. வீட்டுக்காரரு ரமேஷ்பாபு, கார்ப்பரேசன்ல சாக்கட துப்பரவு செக்ஷன். இந்த முன்ரூம்புல கண்ணாடியும் நாற்காலியும் போட்டு, வசந்தி பியூட்டி பார்லர்னு எழுதி வச்ச மறுநாளு பாக்கேன், என் வாசலுக்கு நேரா ஒரு பெஞ்சு கெடக்கு. ராஜப்பன் சேட்டன் கடைக்கு வர்ற ஆம்பளைங்க பூரா அதுல வரிசையா உக்காந்து பத்திரிக வாசிக்காங்க. வாசிச்சு முடிச்சவங்களும் போகல, திரும்பவும் மொதப் பக்கத்துல இருந்து வாசிக்காங்க. அத்தன ஆம்பளைங்கள மீசையோட தாண்டி எந்தப் பொம்பளைங்க புருவம் எடுக்க உள்ள வருவாங்க. நான் ஒண்ணும் சண்ட பிடிக்கல. ஒரு நாளு வெள்ளென எந்திரிச்சு, பெஞ்சுல நல்லா இளஞ்சூடா வாக்ஸத் தேச்சு விட்டேன். அவ்வளவுதான். எந்திரிக்கும்போது வேட்டி எந்திரிக்கல. பத்திரிகைய முன்னால பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடுனவங்க இன்னைக்கும் என்னைப் பாத்தா எதுத்த சைடுல போவாங்க. அந்த வருசமே என்னைச் சமிதியில சேத்துக்கிட்டாங்க. இவ வெளிய இருந்தா ஆபத்துன்னு சேவியரு சொன்னாராம்.

கொஞ்சம் தலையச் சாய்ங்க, கழுத்துல இன்னும் ஒரு பூச்சு போடுதேன். உங்க ஸ்கின்னு நல்ல ஸ்கின்னு. நல்லா பராமரிச்சிருக்கீங்க.

எங்க விட்டேன்? ம், சலூனு. அந்தக் கெட்டிடம் முன்னால சுக்கு கோடவுனு. மூட்ட மூட்டையாச் சுக்கு அடுக்கியிருக்கும், தெருவே தும்மும். கோடவுன்காரங்க போனதுக்கப்புறம் பூட்டிக் கெடந்துது. போன மாசம் பாத்தா பெயிண்டு அடிக்காங்க, கண்ணாடி எறக்குதாங்க. பின்ன ஒரு ஃப்ளெக்ஸ் வச்சாங்க. கோயம்புத்தூர்ல இருந்து வந்த மொதலாளியம்மா படம், நாலாளு ஒயரம், கை கூப்பிக்கிட்டு நிக்கிற மாதிரி. ஆம்பள, பொம்பள, கொழந்த, கல்யாணப் பொண்ணு, மாப்பிள, எல்லாருக்கும் ஒரே எடத்துல. அதப் பாத்ததும் ராஜப்பன் சேட்டன் கையில இருந்த கத்திரியக் கீழ வச்சாரு. அப்புறம் ஒரே வார்த்ததான் சொன்னாரு. ரப்பர் சீல எடு வசந்தின்னாரு.

தொறக்குற அன்னைக்கே போயி நின்னோம். ஆளுக்கொரு அட்ட. கோஷம் ராஜப்பன் சேட்டன் சொல்லுவாரு, நாங்க திருப்பிச் சொல்லணும். உள்ள குத்துவெளக்கு ஏத்துதாங்க, வெளிய நாங்க கத்துதோம், நல்லாத்தான் போச்சு. அப்பப் பாத்து மழ வந்துது. கொச்சி மழ தெரியும்லா, சொல்லிட்டெல்லாம் வராது. எங்க ஆளுங்க மெதுவா நகந்து அவங்க ஷேடுக்குக் கீழ போனாங்க. ஷேடுல சாரலடிக்குன்னு இன்னும் கொஞ்சம் நகந்தாங்க. கண்ணாடிக் கதவு தன்னால தொறந்துருச்சு. ஆளு பக்கத்துல போனா தன்னால தொறக்குற கதவு அது, யாரச் சொல்ல. திரும்பிப் பாக்கேன், மூணு பேரும் உள்ள சோபாவுல உக்காந்து ஏலக்கா சாயா குடிக்காங்க. கையில கேக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ராஜப்பன் சேட்டன் எனக்குச் சைகை காட்டுதாரு, நீ நிறுத்தாதேன்னு.

நான் நிறுத்தல. மழையில நின்னேன். அட்டையில எழுதினது கரைஞ்சு கை பூரா மையி. அப்ப உள்ளருந்து செக்யூரிட்டி வந்தாரு, வடநாட்டு ஆளு, பெரிய கொடையக் கொண்டாந்து என் தலைக்கு மேல பிடிக்காரு. நான் தள்ளி நின்னேன். அவரும் தள்ளி வந்தாரு. நான் போற பக்கமெல்லாம் கொட வருது. மேடம் சொல்லியனுப்பினாங்களாம். எதிரி கொட பிடிச்சா எப்படி மோளே கோஷம் போடுறது. ஒழிகன்னு சொல்ல வாயத் தொறந்தா தேங்க்ஸுன்னு வருது. அன்னைக்கு வந்த சளி இன்னும் முழுசாப் போகல.

அதுக்கப்புறம் சமிதி கூடி, இப்படி வெளிய நின்னு கத்தினா ஆகாது, உள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சுக்கிடணும்னு முடிவு பண்ணுச்சு. உளவு பாக்க மொதல்ல ராஜப்பன் சேட்டனத்தான் அனுப்பினோம். தலையில துண்டு, கண்ணுல கூலிங் கிளாஸு. இந்தத் தெருவுல பொறந்த கொழந்தைங்களுக்கெல்லாம் மொத மொட்ட அடிச்ச மனுசன், அவர யாருக்குத் தெரியாது. அர மணிக்கூறுல வாறேன்னாரு. நாங்க சேவியரு கடையில உக்காந்து எட்டி எட்டிப் பாக்கோம், ஆளக் காணோம். பிடிச்சு வச்சுட்டாங்களோன்னு வெங்கிட்டுக்குப் பயம். பொழுது சாயுற நேரத்துல வாறாரு மோளே. தல பூரா சாக்லேட் கலரு. மூஞ்சி பளபளங்குது. ஒறக்கத்துல நடக்குற மாதிரி நடந்து வாறாரு. என்ன சேட்டா ஆச்சுன்னு கேட்டா, அங்கன ஒரு நாற்காலி இருக்கு வசந்தி, சாஞ்சா பின்னால போவும், தலைய ஒரு பேசின்ல வச்சுக்கிட்டு வெதுவெதுன்னு தண்ணி ஊத்துதாங்கங்காரு. அப்புறம்? அப்புறம் தெரியல, ஒறங்கிட்டேங்காரு. ஒற்றனாப் போன மனுசன் கொறட்ட விட்டிருக்காரு.

அடுத்தது சேவியரு. இவரு கெட்டி, சாயாவுக்கெல்லாம் மயங்க மாட்டாருன்னு அனுப்பினோம். போனவரு வரும்போது கழுத்துல இஞ்சு டேப்பு தொங்குது. உள்ள வேல பாக்குற பிள்ளைங்க எல்லாருக்கும் கருப்பு யூனிபாரம் தைக்கணும்னு கேட்டாங்களாம், அளவெடுத்துட்டு வந்துட்டாரு. நம்ம எதிரிக்கு நீ சட்ட தைக்கியான்னு கேட்டா, எதிரின்னாலும் அளவாப் போடணும்லாங்காரு. வெங்கிட்டு கத இன்னும் மோசம். அவர நாங்க அனுப்பவேயில்ல. தெனமும் காலையில அங்க கவுண்டருல இருக்க சாமி படத்துக்குப் பூவும் கற்பூரமும் அவரு கடையில இருந்துதான் போவுதுன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. கேட்டா, சாமிக்கும் பகிஷ்கரணமான்னு என்னையத் திருப்பிக் கேக்காரு.

இவ்வளவுக்கப்புறம் சமிதி எதுக்குன்னு நெனைப்பீங்க. கையத் தூக்காதீங்க, நானே சொல்லுதேன். கொடி பிடிக்கும்போது எல்லாரும் எங்க ஆளுதான். சாயா குடிப்பாங்க, தச்சுக் குடுப்பாங்க, பூ குடுப்பாங்க, பத்து மணின்னா அட்டையத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. ஏன்னா பயம் மோளே. சிரிச்சுக்கிட்டே சொல்லுதேன், ஆனா பயம் நெசந்தான். சேட்டன் கடையில ரெண்டு நாற்காலியில ஒண்ண எடுத்து உள்ள போட்டுட்டாரு. எனக்கு மாசத்துக்கு ஒருக்க புருவத்துக்குன்னு வருவாங்களே, அவங்களே இப்ப வாசலத் தாண்டிப் போகும்போது செல்போன்ல பேசுற மாதிரி போறாங்க. செல்போனு தலகீழா இருக்கு. அதனால நாங்க கேக்குறது ஒண்ணுதான். கலரு, ஸ்ட்ரெயிட்டனிங்கு, கல்யாண மேக்கப்பு எல்லாம் நீங்க பண்ணிக்கோங்க. சாதா முடிவெட்டும் புருவமும் மட்டும் எங்களுக்கு விட்டுருங்க. ரெண்டு கடைக்கும் சோறு கெடைக்கும்லா.

நீங்கன்னா சொல்லிட்டேன்? ம். சொல்லிட்டேன்.

எந்திரிக்காதீங்க. படுங்க. ஃபேஸ் பேக்கு பாதிதான் காஞ்சிருக்கு, இப்ப எந்திரிச்சா மடியிலெல்லாம் விழும். வெள்ளரிக்காயும் அப்படியே இருக்கட்டும். எனக்கும் உங்க கண்ணப் பாக்காம பேசுறதுதான் சௌகரியம்.

உங்களத் தெரியாம எப்படி இருக்கும் சுபாஷிணி மேடம். உங்க படம் நாலாளு ஒயரத்துல என் வாசலுக்கு நேராத்தான் நிக்குது. காலையில கதவத் தொறந்தா ரமேஷ்பாபு மூஞ்சியப் பாக்குறதுக்கு மின்ன உங்க மூஞ்சியத்தான் பாக்கேன். வந்ததும் என்ன சொன்னீங்க, டூரிஸ்டு, யூதப்பள்ளியப் பாத்துட்டு வாறேன்னு. இன்னைக்குச் சனிக்கெழம. சனிக்கெழம யூதங்க சாமி கும்பிடுற நாளு, யூதப்பள்ளி டூரிஸ்டுக்கு அடச்சிருக்கும். வெளியூருல இருந்து வந்து கட போடுறவங்க அதையாவது தெரிஞ்சு வச்சுக்கிட வேண்டாமா.

கோவமெல்லாம் இல்ல. சண்ட பிடிக்க வந்தீங்களா, சமாதானம் பேச வந்தீங்களா, இல்ல நான் பேக்குல என்ன சேக்கேன்னு பாக்க வந்தீங்களா, நான் கேக்கல. வந்ததே நல்லதாப் போச்சு. நானே எப்படி உங்களத் தனியாப் பாக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கடைக்குள்ள நான் வந்தா தெருவே பாக்கும். நீங்க இங்கன வந்தா, சமிதிய ஒளிஞ்சு பாக்க வந்தாங்கன்னு சொல்லிக்கிடலாம். அதான் வேற கஸ்டமரு யாரும் வராம வெளிய அடச்சிருக்குன்னு போர்டத் திருப்பி வச்சேன். உங்களுக்குன்னு நல்ல பழமாப் பாத்துதான் அடிச்சேன், அந்தச் சந்தேகம் வேண்டாம்.

எனக்கு ஒரு மக இருக்கா. ஒத்தப் பிள்ள. காலேஜு முடிச்சுட்டு இங்கன என்கூடதான் நின்னா. நல்ல கை. ஆனா சும்மா இருக்க மாட்டா. அம்மா, தல கழுகுற சாய்வு நாற்காலி ஒண்ணு வாங்குவோம், அம்மா, முடிக்கு கலரு போடுற கோர்ஸு நான் படிக்கட்டுமான்னு தெனமும் ஏதாவது. நான் போடின்னுட்டேன். இந்த ரூம்புல சாய்வு நாற்காலி போட்டா கஸ்டமரு காலு ரோட்டுல கெடக்கும். பின்ன அவ கேக்குறத நிறுத்திட்டா. போட்டுல ஏறி எர்ணாகொளத்துக்குப் போயி கணக்கு கிளாஸு படிக்கேன்னா. செரின்னு சொல்லி தெனமும் டிபன் பாக்ஸுல சோறு கட்டிக் குடுத்து விட்டேன். போட்டு நிக்கிற ஜெட்டிப் பக்கந்தான் நடந்து போவா. நானும் வாசல்ல நின்னு பாப்பேன்.

போன வாரம் ரெண்டாவது தடவ உங்க கட முன்னால வந்து நின்னோம்லா. அன்னைக்கு மழயில்ல, நல்ல வெயிலு. நான் கண்ணாடிக்கு ஒட்டினாப்புல நின்னு ஒழிக ஒழிகன்னு கத்துதேன். உள்ள ஒரு பிள்ள நாற்காலிப் பக்கத்துல நின்னு ஒரு அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருக்கா. கருப்பு யூனிபாரம், மூஞ்சியில மாஸ்க்கு, தலையில தொப்பி. ஆளு யாருன்னு ஒண்ணும் தெரியாது. ஆனா எடது கை. நூல பல்லுல கடிக்காம கழுத்தச் சுத்திப் போட்டு எடுக்கா. கழுத்துல நூலு போட்டு எடுக்குறது எனக்கு முன்பல்லு போனதுக்கப்புறம் நானாப் பழகிக்கிட்டது. மட்டாஞ்சேரியில என்னைத் தவிர அப்படி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் எடது கைதான்.

கோஷம் வாயில நின்னுபோச்சு மேடம். ராஜப்பன் சேட்டன் சொல்லுதாரு, திருப்பிச் சொல்ல ஆளில்ல. அவ தலையத் தூக்குற மாதிரி இருந்துது. நான் அட்டைய அப்படியே மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன். பாத்தவங்களுக்கு ரொம்ப ஆவேசமாத் தெரிஞ்சிருக்கும். அட்டைக்கு ஓரமா ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டே நின்னேன். பக்கத்து நாற்காலி காலியாக் கெடக்கு, அங்க இன்னொரு பிள்ள சும்மா நிக்கா. ஆனா சோபாவுல பொம்பளைங்க எந்திரிக்காம இருக்காங்க, இவகிட்டதான் செய்யணும்னு. அதுல ஒருத்தி செல்போனத் தலகீழாப் பிடிச்சுக்கிட்டு என் வாசலத் தாண்டிப் போறவ. அவ மேல எனக்கு அன்னைக்குக் கோவம் வரல.

ஆமா. உங்க சுனிதாதான். அவ அம்மா ஊருல இருக்கான்னு சொல்லியிருப்பா, இல்ல எதுவும் சொல்லாம இருந்திருப்பா. எனக்குத் தெரியாது.

அப்புறந்தான் ஒவ்வொண்ணாப் புரிஞ்சுது. ராஜப்பன் சேட்டன் தலைக்குத் தண்ணி ஊத்தி ஒறங்க வச்சது அவதான். சேவியரு அளவெடுத்ததுல ஒரு அளவு அவளோடது. வெங்கிட்டு பூவக் கொண்டு போயி குடுக்குறது அவ கையிலதான். உளவு பாக்கப் போனவங்க எல்லாம் திரும்பி வந்து என் மூஞ்சியப் பாக்காமலே பேசினது அதனாலதான். ரமேஷ்பாபுவுக்கும் தெரியும், உங்க கட பின்வாசல் வழியா அவள விட்டுட்டு வர்றதே அந்த மனுசன்தான். ஊருக்கே தெரியும் மேடம். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும்ங்கறதுதான் யாருக்கும் தெரியாது.

ஏன் கேக்கலன்னு நெனைப்பீங்க. கேட்டா ஒண்ணு அவ வேலைய விடணும், இல்ல நான் சமிதிய விடணும். ரெண்டும் நடக்கக் கூடாது. நான் விட்டா மத்த மூணு பேரும் சாயா குடிக்கவே போயிருவாங்க, அப்புறம் இந்தத் தெருவுல எங்களுக்காக யாரு கத்துவா. அவ விட்டா, திரும்பவும் இந்த ரூம்புல என்கூட ஒக்காந்து ஃபேனப் பாத்துக்கிட்டு இருப்பா. வீட்டுக்கு வந்ததும் நான் கேப்பேன், என்ன மோளே, இன்னைக்கு கிளாஸுல என்ன படிச்சன்னு. வரவு செலவுன்னுவா. தலையில உங்க கட ஷாம்பு வாசம் அடிக்கும். நல்ல வாசந்தான்.

நாளைக்குப் போராட்டத்துல நான் பிடிக்கப் போற அட்டைய யாரு எழுதினதுன்னு நெனைக்கீங்க. எனக்கு மலையாளம் பஸ்ஸு போர்டு வாசிக்கத்தான் வரும், அவளுக்குத் தமிழ விட மலையாளம்தான் நல்லா எழுத வரும். எடது கைக் கையெழுத்து, முத்து முத்தா இருக்கும். வெளியூரு கம்பெனி வெளிய போன்னு எழுதச் சொன்னேன். கலர் ஸ்கெட்ச்ச வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு எழுதினா. பின்ன நான் வெங்கிட்டுகிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னா, அதுல வெளிய போன்னே இல்லையாம். நாங்களும் ஜீவிக்கட்டும்னு எழுதியிருக்காளாம். எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தைரியம். நானும் அப்படியே வச்சிருக்கேன், மாத்தல.

கை எதுக்குத் தூக்குதீங்க. வேலையா, எனக்கா? அதுக்குத்தான் வந்தீங்களா. நீங்க நல்லவங்கதான், கொட குடுத்து விட்டப்பவே தெரியும். ஆனா வேண்டாம். நான் வந்துட்டா அவளுக்கு அங்கயும் அம்மா. கைய எறக்குங்க.

நான் கேக்குறது வேற. நாளைக்கு ஞாயித்துக்கெழம. சேவியரு காலையில சர்ச்சுல குர்பானப் பூச கண்டுட்டு வந்ததும் கூடுதோம். இந்தத் தடவ கவுன்சிலர் வாறாரு, சேனல்காரங்க வாறாங்க, மைக்கு செட்டும் உண்டு. மைக்குல நான்தான் பேசணும்னு முடிவாயிருக்கு. பேசுவேன். உங்களத் திட்டித்தான் பேசுவேன், அதுல ஒண்ணும் கொறைக்க மாட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்க. கவுன்சிலர் நம்ம ரெண்டு பக்கத்தையும் ஒக்கார வச்சுப் பேசி, புருவத்த எங்களுக்கு விட்டுக் குடுக்கீங்கன்னு ஆச்சுன்னா, அவள நிறுத்திராதீங்க. முடிக்கு மாத்தி விடுங்க. கலரு போடணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆச. என் மகன்னு தெரிஞ்சு போச்சேன்னும் நிறுத்திராதீங்க. நான் உங்ககிட்ட பேசினதையும் அவகிட்ட சொல்லாதீங்க. நீங்க யூதப்பள்ளியப் பாக்கப் போனீங்க, அவ்வளவுதான்.

இந்தா, வெள்ளத் துணி. கண்ணத் தொடைக்கேன், மெதுவாத் தொறங்க. பேக்கு எடுத்தாச்சு, இனி பேசலாம். இருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன், அப்புறம் நீங்க பேசுங்க. நாளைக்கு நான் மைக்கப் பிடிக்குற நேரத்துல மட்டும் அவளுக்கு முன்னால புருவத்துக்கு ஆள உக்கார வைக்காதீங்க. உள் ரூம்புல துண்டு மடிக்கவோ, தல கழுகவோ எதுலயாவது விட்டுருங்க. என் சத்தம் கேட்டா அவளுக்குக் கை நின்னுரும். சின்னதுல இருந்தே அப்படித்தான். பாதிப் புருவத்தோட ஒரு பொம்பள எந்திரிச்சுப் போனா பேரு கெட்டுரும் மேடம். உங்க கடைக்குப் பேரு கெட்டா எனக்குச் சந்தோஷந்தான். அவ பேரு கெடக் கூடாது.